'சர்வதேசம்' என்பது யார்? அரசுகளின் உலகை விளங்கிக்கொள்ள ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்தில் எந்த நாளிதழை விரித்தாலும் ஒரு சொல் தவறாமல் கண்ணில் படும். 'சர்வதேசம் தலையிட வேண்டும்', 'சர்வதேசம் உற்றுநோக்குகிறது', 'சர்வதேசம் எம்மைக் கைவிட்டுவிட்டது' என்று செய்திகளிலும் மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அந்தச் சொல் புழங்குகிறது. கேட்கும்போது, கண்ணும் காதும் மனச்சாட்சியும் உள்ள ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். உயர்தர வகுப்பில் அரசறிவியல் கற்பிக்கும் எனக்கு, ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களிடமிருந்து வரும் முதற் கேள்வியும் இதுதான்: "சேர், சர்வதேசம் ஏன் ஒன்றும் செய்யேல்லை?"

இந்தக் கேள்விக்குப் பின்னால் பல வீடுகளின் இழப்பு இருக்கிறது. ஆகவே அதற்கு ஒப்புக்கு ஒரு பதில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர என்னால் முடிவதில்லை. ஆனால் கேள்வியிலேயே ஒரு பிழையான அனுமானம் ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. முறையிட்டால் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடிய 'சர்வதேசம்' என்ற ஒருவர் உலகில் இல்லை. 190-க்கும் மேற்பட்ட அரசுகள் இருக்கின்றன; அவற்றுக்கு மேலே எவரும் இல்லை. அப்படி எவரும் இல்லாத உலகில் அரசுகள் எவ்வாறு நடந்துகொள்கின்றன, ஏன் அவ்வாறு நடந்துகொள்கின்றன என்பதை விளக்க முயல்பவையே சர்வதேச உறவுக் கோட்பாடுகள்.

வேலிச் சண்டையும் மேலதிகாரமும்

எங்கள் ஊர்களில் வேலிச் சண்டையைப் பற்றி அறியாதவர் இருக்க முடியாது. வேலி அடைக்கும் காலத்தில் பக்கத்து வளவுக்காரர் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார் என்று தொடங்கும் பிணக்கு, முதலில் வாய்த்தர்க்கமாக இருக்கும். பின்னர் கிராம அலுவலரிடம் போகும். அங்கும் தீராவிட்டால் இணக்க சபைக்கும், கடைசியில் நீதிமன்றத்துக்கும் போகும். நில அளவையாளர் வந்து அளப்பார், நீதிபதி கட்டளையிடுவார், கட்டளைக்குப் பணிய மறுப்பவரைப் பொலிசார் பணிய வைப்பார்கள். வழக்கு இருபது வருடம் இழுபடலாம். ஆனாலும் இரு தரப்புக்கும் மேலே, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் வலிமையோடு ஒருவர் இருக்கிறார் என்பது இருவருக்கும் தெரியும். கத்தியைத் தூக்காமல் வழக்கைத் தூக்குவதற்குக் காரணம் அதுதான்.

இப்போது கிராம அலுவலரையும் இணக்க சபையையும் நீதிமன்றத்தையும் பொலிசையும் இந்தக் காட்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். வளவுகளும் வேலிகளும் அயலவர்களும் மட்டும் மிஞ்சுவார்கள். அரசுகளின் உலகம் ஏறத்தாழ அப்படிப்பட்டது.

இந்த நிலைக்குத் துறைசார்ந்த பெயர் 'அராஜகம்'. பேச்சு வழக்கில் அராஜகம் என்றால் அடிதடி, கொள்ளை, சட்டம் ஒழுங்கின் சீர்குலைவு என்று பொருள்படும். கோட்பாட்டில் அது அந்தப் பொருளைக் குறிப்பதில்லை. அரசுகளுக்கு மேல் ஓர் அரசாங்கம் இல்லை என்பதை மட்டுமே குறிக்கிறது. குழப்பத்தைத் தவிர்க்க இக்கட்டுரையில் அதை 'மேலதிகாரமின்மை' என்றே எழுதுகிறேன். இதன் மறுபக்கந்தான் 'இறைமை': தன் எல்லைக்குள் இறுதி அதிகாரம் தனக்கே உரியது, வெளியிலிருந்து எவரும் கட்டளையிட முடியாது என்ற ஓர் அரசின் உரிமை. 1648ஆம் ஆண்டின் வெஸ்ற்பாலியா உடன்படிக்கைகளை இதன் தொடக்கமாகப் பாடநூல்கள் காட்டும். உண்மையில் அது பல நூற்றாண்டுகளில் படிப்படியாக வேரூன்றிய ஒரு வழக்கம். 1945இல் எழுதப்பட்ட ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 2ஆம் உறுப்புரை, உறுப்பு நாடுகள் அனைத்தும் இறைமையில் சமம் என்று அதை எழுத்தில் நிறுத்தியது.

"அப்படியென்றால் ஐ.நா. எதற்கு இருக்கிறது?" என்று உடனே கேட்பார்கள். ஐக்கிய நாடுகள் சபை 193 அரசுகள் கூடும் ஒரு மன்றம். அது உலக அரசாங்கம் அல்ல. அதற்குச் சொந்தப் படை இல்லை. அமைதிப்படைக்கு வீரர்களை அனுப்புபவை உறுப்பு நாடுகள். அது வரி அறவிடுவதில்லை. உறுப்பு நாடுகளின் பங்களிப்பில் இயங்குகிறது. எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் தீர்மானத்தைப் பாதுகாப்புச் சபை எடுக்கலாம். ஆனால் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று கை உயர்த்தி மறுத்தாலும் அது விழுந்துவிடும். இந்த மறுப்புரிமையே இரத்து அதிகாரம். 1948இல் சுதந்திரமடைந்த இலங்கைக்கே ஐ.நா.வில் உறுப்புரிமை கிடைக்க 1955 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சோவியத் ஒன்றியம் தன் இரத்து அதிகாரத்தைப் பயன்படுத்தி அந்த விண்ணப்பத்தைத் தடுத்து வைத்திருந்தது.

நீதிமன்றங்களைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை, ஏனெனில் ஹேக் நகரிலுள்ள இரண்டு நீதிமன்றங்களை நாங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று சர்வதேச நீதிமன்றம். அது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான வழக்குகளை மட்டுமே, அதுவும் இரு அரசுகளின் சம்மதம் இருந்தால் மட்டுமே விசாரிக்கும். மற்றது 2002இல் செயற்படத் தொடங்கிய சர்வதேச குற்றவியல் நீதிமன்றம். அது தனிமனிதர்களை விசாரிப்பது. அதை உருவாக்கிய ரோம் சாசனத்தில் இலங்கை இணையவில்லை. இணையாத ஒரு நாட்டில், அந்நாட்டவர்கள்மீதே சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளை அந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, அந்த அரசே இணங்காவிட்டால், பாதுகாப்புச் சபை பாரப்படுத்த வேண்டும். அங்கே மறுபடியும் அந்த ஐந்து கைகள்.

இதுவரை கண்டதைச் சுருக்கினால்: அரசுகள் இறைமையுள்ளவை, அவற்றுக்கு மேல் அதிகாரம் இல்லை, ஐ.நா.வும் நீதிமன்றங்களும் அரசுகளின் சம்மதத்தின் மேல் நிற்பவை. இதில் கோட்பாடுகளுக்கிடையே பெரிய பிணக்கு இல்லை. இதிலிருந்து என்ன விளைகிறது என்பதில்தான் அவை பிரிகின்றன.

யதார்த்தவாதம்: அயலவர் மதில் எழுப்பினால்

பொலிசும் நீதிமன்றமும் இல்லாத அந்தக் கற்பனை ஊருக்குத் திரும்புவோம். பக்கத்து வீட்டுக்காரர் கள்வருக்குப் பயந்து கிடுகு வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்டி, மேலே கண்ணாடித் துண்டுகளையும் பதிக்கிறார். அவருக்கு உங்கள்மேல் ஒரு கோபமும் இல்லை. ஆனால் உங்களுக்கு அது எப்படித் தெரியும்? 'ஏதோ நினைத்துத்தான் செய்கிறார்' என்று நீங்கள் ஒரு நாயை வாங்கிக் கட்டுகிறீர்கள். இரவில் அது குரைப்பதைக் கேட்டு அவர் இரண்டு நாய் வாங்குகிறார். கெட்ட எண்ணம் இருவருக்கும் இல்லை; ஆனாலும் ஒரு வருடத்தில் இரு வீடும் முன்பைவிட அச்சத்தோடு உறங்குகின்றன. தன் பாதுகாப்புக்காக ஓர் அரசு செய்யும் ஏற்பாடு மற்ற அரசுக்கு அச்சுறுத்தலாகத் தெரிவதும், அதனால் இரண்டும் மேலும் பாதுகாப்பற்றவை ஆவதுமான இந்தச் சுழற்சியை 'பாதுகாப்பு இக்கட்டு' என்பார்கள். 1950இல் ஜோன் ஹேர்ஸ் என்பவர் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்.

யதார்த்தவாதத்தின் உயிர்நாடி இதுதான். 1979இல் கெனத் வோல்ட்ஸ் அதைக் கூர்மையாக வகுத்தார்: போரும் போட்டியும் தலைவர்களின் கெட்ட குணத்தால் மட்டும் வருபவை அல்ல, மேலதிகாரமின்மை என்ற அமைப்பே நல்லவர்களையும் எச்சரிக்கையோடும் சந்தேகத்தோடும் நடக்க வைக்கிறது. காப்பாற்ற எவரும் இல்லாதபோது ஒவ்வோர் அரசும் தன் கையையே நம்ப வேண்டும். ஆகவே ஓர் அரசின் நடத்தையை ஊகிக்க அதன் பேச்சைவிட அதன் வலிமையையும் அது நிற்கும் இடத்தையும் பாருங்கள் என்கிறது இந்தக் கோட்பாடு. ஒரு வல்லரசு மிதமிஞ்சி வளரும்போது மற்றவை ஒன்று சேர்ந்தோ தம் படைபலத்தைப் பெருக்கியோ அதைத் தாங்கி நிறுத்த முயலும். இதற்குப் பெயர் 'வலுச்சமநிலை'.

எங்கள் தலைக்கு மேலேயே நடந்த ஓர் உதாரணம் உண்டு. 1987 ஜூன் தொடக்கத்தில், வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை நடந்துகொண்டிருந்தபோது, இந்தியா நிவாரணப் பொருள்களைப் படகுகளில் அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. ஜூன் 4ஆம் திகதி மாலை, இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ் விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் துணைக்கு வர, குடாநாட்டின் மேல் பறந்து ஏறத்தாழ 25 தொன் பொருள்களைப் பரசூட்டில் இறக்கின. விமான இரைச்சல் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய சனம், அன்று குண்டுக்குப் பதிலாக மூட்டைகள் இறங்குவதை அண்ணாந்து பார்த்தது. கொழும்பு அதை இறைமை மீறல் என்றது. சாசனத்தின் எழுத்தின்படி அதில் நியாயம் இருந்தது. தடுக்கும் வலிமை இருக்கவில்லை. எட்டு வாரத்துக்குள், ஜூலை 29இல், இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அந்த ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் பலர் வாசித்திருப்பதில்லை. யதார்த்தவாதி முதலில் கையில் எடுப்பது அவற்றைத்தான். இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலையோ வேறு துறைமுகமோ எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் விடப்படக் கூடாது என்றும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்கள் இராணுவ, உளவு நோக்கங்களுக்குப் பயன்படாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அவற்றில் இருக்கிறது. தமிழரின் துயரம் அந்த உடன்பாட்டுக்கு ஒரு காரணம். இந்து சமுத்திரத்தில் இந்தியாவின் பாதுகாப்பு இன்னொரு காரணம். இரண்டாவதைக் காணாமல் முதலாவதை மட்டும் கண்டதால் எங்கள் தலைமுறை கொடுத்த விலை பெரிது.

அதே தர்க்கம் அண்மையில் நெடுந்தீவு வரை வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் வழங்கும் திட்டம் 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. குறிகாட்டுவானில் படகேறிப் போகும் ஒருவருக்கு அது சில காற்றாடிகளும் தகடுகளுந்தான். புதுடில்லிக்கு அது தமிழ்நாட்டுக் கரைக்கு மிக அருகே சீனாவின் கால். திட்டம் நிறுத்தப்பட்டது, 2024இல் 11 மில்லியன் டொலர் இந்திய நன்கொடையுடன் அது இந்தியத் திட்டமாக மாறியது.

யதார்த்தவாதம் போரை விரும்பும் கோட்பாடு என்று நினைப்பது தவறு. அதன் முன்னோடியான ஹான்ஸ் மோர்கெந்தோ வியட்நாம் போரைக் கடுமையாக எதிர்த்தார்; ஜோன் மியர்ஷைமர் 2003இன் ஈராக் போரை எதிர்த்தார். வலிமையை அளந்து பார்ப்பவர்கள் அதன் எல்லையையும் அறிந்திருப்பார்கள்.

சுருக்கமாக: மேலதிகாரமின்மை அச்சத்தை வளர்க்கிறது, அச்சம் வலிமையைத் தேட வைக்கிறது என்பது யதார்த்தவாதத்தின் பார்வை.

தாராண்மைவாதம்: பங்குக் கிணற்றின் பாடம்

வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் பங்குக் கிணறுகள் இருக்கின்றன. ஒரு கிணற்றில் ஐந்தாறு பேருக்குப் பங்கு. இன்று ஒருவரின் முறை, நாளை இன்னொருவரின் முறை. துலா மிதித்த காலத்திலும் சரி, இயந்திரம் வைத்து இறைக்கும் இக்காலத்திலும் சரி, கிணற்றடியில் காவலுக்கு எவரும் நிற்பதில்லை. எப்போதாவது சச்சரவு வரும். ஆயினும் பெரும்பாலும் முறை தவறுவதில்லை. ஏன்? அடுத்த கிழமையும் அதே கிணற்றில், அதே ஆட்களோடு இறைக்க வேண்டும். இன்று முறை மீறினால் நாளை என் வெங்காயம் வாடும். யாருடைய முறை என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால் மீறியவர் மறைந்துகொள்ளவும் முடியாது.

மேலதிகாரம் இல்லாத இடத்திலும் ஒத்துழைப்பு சாத்தியம் என்று தாராண்மைவாதிகள் சொல்வது இந்த அடிப்படையில்தான். ரொபேர்ட் கியோஹேன் 1984இல் வாதிட்டதுபோல, 'சர்வதேச நிறுவனங்கள்', அதாவது அரசுகள் தமக்குள் ஒப்புக்கொண்ட விதிகளும் அவற்றைக் கவனிக்கும் அமைப்புகளும், யாரையும் அடித்துப் பணிய வைப்பதில்லை. யார் என்ன செய்கிறார் என்பதை வெளிச்சமாக்கி, நாளைய தேவையை இன்றைய கணக்கில் சேர்க்கின்றன. யாழ்ப்பாணத்தில் ஒட்டிய முத்திரையோடு ஒரு கடிதம் ரொறன்ரோவில் உள்ள பேரப்பிள்ளையின் வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. உலகத் தபால் அரசாங்கம் என்று ஒன்று இல்லை. 1874இல் தொடங்கிய உலகத் தபால் ஒன்றியத்தின் விதிகளை நாடுகள் தம் சொந்த நன்மைக்காகக் கடைப்பிடிக்கின்றன. இப்படி நாள்தோறும் நடக்கும் ஆயிரம் ஒத்துழைப்புகள் செய்தியாவதில்லை, ஏனெனில் அவை பிசகுவதில்லை.

கடினமான விடயங்களிலும் இது நடக்கிறது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, கடன் கொடுத்த ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே பயம்: நான் விட்டுக்கொடுத்தால் அந்தப் பணம் மற்றவருக்குப் போய்விடுமோ? இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் ஆகியவை இணைத்தலைமை தாங்கிய கடன்வழங்குநர் குழு, எல்லோருக்கும் ஒப்பான நடத்தை என்ற விதியை வைத்து அந்தப் பயத்தைக் கையாண்டு 2024 ஜூனில் உடன்பாட்டுக்கு வந்தது. ஆயினும் சீனா அந்தக் குழுவுக்கு வெளியே நின்று தனியாகவே பேசியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கிணற்றுக் கதைக்கு எல்லை உண்டு. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1974, 1976 உடன்படிக்கைகள் பாக்குநீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் கடல் எல்லையை வரைந்தன. கடலடியை வாரி வலை இழுக்கும் அடிமடி இழுவையை 2017இல் இலங்கை சட்டத்தால் தடை செய்தது. விதிகள் இருக்கின்றன. ஆனாலும் இந்திய றோலர்கள் (இழுவைப் படகுகள்) இரவில் வந்து போன பின்னர், வடமராட்சி மீனவர் விடியற்காலையில் இழுத்தெடுப்பது அறுந்த வலையைத்தான். கடலில் கண்காணிப்பது கடினம். மீறுபவருக்கு ஏற்படும் நட்டம் சிறிது. புதுடில்லிக்கும் கொழும்புக்கும் மேசையில் இதைவிடப் பெரிய கோப்புகள் இருக்கின்றன. முறை மீறியவர் அடுத்த கிழமை தண்ணீருக்கு உங்களிடம் வரத் தேவையில்லாதபோது பங்குக் கிணற்றின் ஒழுங்கு தளர்ந்துவிடுகிறது.

சுருக்கமாக: நாளைய தேவையும் வெளிப்படையான விதியும் சேர்ந்தால், கட்டளையிட ஆள் இல்லாமலே ஒழுங்கு உண்டாகலாம் என்பது தாராண்மைவாதம்.

கட்டுமானவாதம்: கத்தி யாருடைய கையில்?

சந்தையில் மீன் வெட்டுபவரின் கையில் பெரிய கத்தி இருக்கிறது. அவருக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் நின்று விலை பேசுகிறோம், பயப்படுவதில்லை. அதே கத்தியோடு பகை கொண்ட ஒருவர் படலையைத் திறந்து வந்தால் வீடே நடுங்கும். இரும்பு ஒன்றுதான், உறவு வேறு.

1992இல் அலெக்சாண்டர் வென்ட் யதார்த்தவாதிகளிடம் கேட்டது இதைத்தான். மேலதிகாரமின்மை தன்னளவில் பகையையும் தராது, நட்பையும் தராது. அரசுகள் ஒன்றையொன்று யாராகக் கருதிப் பழகுகின்றன என்பதே அதற்குப் பொருள் தருகிறது. பிரித்தானியாவின் நூற்றுக்கணக்கான அணுகுண்டுகள் அமெரிக்காவை அச்சுறுத்துவதில்லை. வடகொரியாவிடம் உள்ள, அதைவிடக் குறைந்த எண்ணிக்கையிலான குண்டுகள் அச்சுறுத்துகின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது விளங்காது. அரசுகளின் அடையாளமும் நலனும் பழக்கத்தாலும் பேச்சாலும் உருவாக்கப்படுகின்றன என்பதால் இந்தப் பார்வையைக் 'கட்டுமானவாதம்' என்கிறோம்.

இறைமையே அப்படி உருவானதுதான். 1945இல் ஐ.நா.வைத் தொடங்கியவை 51 நாடுகள். பேரரசுகள் மற்ற மக்களை ஆள்வது இயல்பென்று அன்று பலருக்கும் பட்டது. இருபது, முப்பது ஆண்டுகளுக்குள் அது வெட்கக்கேடாகிவிட்டது. படைபலக் கணக்கு மட்டும் இந்த மாற்றத்தை விளக்காது. எது சரி என்பது பற்றிய பொதுக் கருத்தும் மாறியது. அப்படிப் பலரும் ஏற்றுக்கொண்ட நடத்தை எதிர்பார்ப்பை 'நியமம்' என்பார்கள். தூதரைக் கொல்லலாகாது என்பது மிகப் பழைய நியமம். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போய்த் திரும்ப முடிந்ததும் அதனால்தான். 1961இன் வியன்னா உடன்படிக்கை அந்தப் பழைய வழக்கத்தைச் சட்டமாக எழுதியது.

நியமங்கள் வல்லரசுகளைக் கட்டிப்போடாது. ஆனால் அவற்றை மீறும் அரசுகள் மீறவில்லை என்று வாதாட முயல்கின்றன. வாதாட வேண்டியிருக்கிறது என்பதே நியமத்தின் பலம். காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரக் கொட்டகையில் படங்களோடு அமர்ந்திருப்பதை வீண்வேலை என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மையமும் விளிம்பும்

மேற்சொன்ன மூன்றும் அரசுகளிலிருந்து தொடங்குகின்றன. 1970களில் இமானுவேல் வாலஸ்ரைன் வேறிடத்திலிருந்து தொடங்கினார்: உலகம் ஒரே பொருளாதாரம், அதில் இலாபம் கூடிய உற்பத்தியை வைத்திருக்கும் 'மையம்', மலிந்த உழைப்பையும் மூலப்பொருளையும் தரும் 'விளிம்பு', இடையே ஒரு பகுதி. தேயிலையையும் றப்பரையும் விற்று அரிசி வாங்கிய இலங்கைக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அல்ல. 1952இல் சீனாவோடு செய்த றப்பர் அரிசி ஒப்பந்தம் அந்த நெருக்கடியிலிருந்தே பிறந்தது. கடன் பற்றிய விவாதங்களில் இந்தப் பார்வை மிகவும் பயன்படும். போர், தூதுவம் ஆகியவற்றை விளக்குவதில் அது மற்றவற்றைவிடப் பலவீனமானது என்பது என் எண்ணம்.

ஜெனிவாவில் எண்ணப்பட்ட கைகள்

இனி அந்த முதற் கேள்விக்கு வருவோம். 'சர்வதேசம்' என்று நாங்கள் அதிகம் சுட்டுவது ஜெனிவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையைத்தான். அது 47 நாடுகள் கொண்டது. அதன் தீர்மானங்கள் எந்த அரசையும் சட்டப்படி கட்டாயப்படுத்த மாட்டா. 2012 மார்ச்சில் இலங்கையின் நல்லிணக்கம், பொறுப்புக்கூறல் பற்றிய தீர்மானத்துக்கு 24 நாடுகள் ஆதரவு, 15 எதிர்ப்பு, 8 நடுநிலை. இந்தியா ஆதரித்தது, சீனாவும் ரஷ்யாவும் எதிர்த்தன. 2021 மார்ச்சில் 22 ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நடுநிலை. இம்முறை இந்தியா நடுநிலை வகித்தது. ஒன்பது ஆண்டு இடைவெளியில் எங்கள் இழப்பு குறையவில்லை. ஆகவே இந்தியாவின் கை இறங்கியதற்கான காரணத்தை எங்கள் இழப்பின் அளவில் தேடிப் பயனில்லை.

கொழும்பு மேலும் பீஜிங் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்ற கவலையை யதார்த்தவாதி சுட்டுவார். கட்டாயப்படுத்த முடியாத பேரவையாயினும், 2021இன் தீர்மானம் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் ஆணையாளர் அலுவலகத்துக்கு அளித்ததைத் தாராண்மைவாதி சுட்டுவார். முறை மீறியவரின் பெயர் ஏட்டில் இருப்பது கிணற்றடியிலும் முக்கியந்தான். எதிர்த்த நாடுகளும்கூடக் 'கொலை சரி' என்று வாதிடவில்லை, 'இறைமை' என்ற மற்றொரு நியமத்தையே முன்வைத்தன என்பதைக் கட்டுமானவாதி சுட்டுவார்.

2021இன் அந்த வாக்களிப்புக்கு முன்னர் இந்தியா தன் நிலைப்பாட்டை விளக்கியபோது இரண்டு அடிப்படைகளைச் சொன்னது. இலங்கைத் தமிழரின் சமத்துவம், நீதி, கண்ணியம், சமாதானம் ஆகியவற்றுக்கான ஆதரவு ஒன்று. இலங்கையின் ஒற்றுமை, உறுதிப்பாடு, ஆள்புல ஒருமைப்பாடு மற்றது. என் மாணவர்கள் முதலாவதைக் கேட்டு நம்பிக்கை கொள்வார்கள், அல்லது இரண்டாவதைக் கேட்டு முதலாவது பொய் என்பார்கள். நான் கரும்பலகையில் இரண்டையும் பக்கத்துப் பக்கமாக எழுதி, நடுவில் கோடு போடாமல் விடுகிறேன்.